ஒரு பைசாகூட வராது என்கிறாரா ஏஜென்ட்?

கேள்வி: அம்மாவை டெல்லிக்கு அழைத்துப்போக பெங்களூரிலிருந்து விமான டிக்கெட் எடுத்திருந்தேன். அவருக்கு உடம்பு முடியாததால் ரத்து செய்துவிட்டோம். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், "இது நான்-ரீஃபண்டபிள், ஒரு பைசா வராது" என்கிறார். அப்படியா? – வாசகர், பாலக்கோடு

பதில்: பாதி உண்மை. நான்-ரீஃபண்டபிள் என்பது அடிப்படைக் கட்டணத்துக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணத்துக்கும்தான். ரத்துக் கட்டணம் அந்த இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. உங்களிடம் வாங்கிய அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். ரத்தே செய்யாமல் போகாமல் விட்டிருந்தாலும் இதே விதிதான். விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ எப்போதோ போட்ட விதி இது. இணையத்தில் ஆங்கிலத்தில் பத்திரமாகத் தூங்குகிறது; பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்க்க யாருக்கும் நேரமில்லை.

சரி, பணம் எங்கே? பெரும்பாலும் ஏஜென்டின் கணக்கில். டிக்கெட் போடும்போதே தன் செல்போன் எண்ணையும் ஈமெயிலையும் கொடுத்துவிடுவார். ரத்தான செய்தியும் பணமும் அவருக்கே போகும். உங்களுக்கு "வராது" என்ற வார்த்தை மட்டும் வரும். அதனால் பிஎன்ஆர் எண்ணை வாங்கி விமான நிறுவனத்திடமே நேராகக் கேளுங்கள்: எவ்வளவு திருப்பினீர்கள், எந்தத் தேதியில், யாருக்கு? "ஏஜென்டைப் போய்ப் பாருங்கள்" என்று கைகழுவ அவர்களுக்கு உரிமை இல்லை. ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி, பணத்தைத் திருப்பும் பொறுப்பு அவர்களுடையது. "அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்றாலும் தலையாட்ட வேண்டாம். அது உங்கள் விருப்பம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். துபாய்க்கோ குவைத்துக்கோ போகிற வெளிநாட்டு நிறுவன விமானம் என்றால் கதை வேறு. பெங்களூரில் ஏறினாலும், தருமபுரியில் ரூபாயில் பணம் கட்டியிருந்தாலும், எவ்வளவு திரும்ப வரும் என்பதை அந்த நிறுவனத்தின் நாட்டு விதிதான் தீர்மானிக்கும். இதைச் சொன்னால் பலர் என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். உங்களுடையது உள்நாட்டுப் பயணம், அதில் இந்த வில்லங்கம் இல்லை.

பதில் வராவிட்டால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் செய்யுங்கள். அதுவும் இழுத்தால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஏஜென்டிடம் பணம் கட்டிய ரசீதை இணைத்துவிடுங்கள். எதிர்த்தரப்பில் அவரை மட்டும் போட்டுவிட்டு விமான நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள்.