தோட்டத்த வச்சு 30 லட்சம் லோன் எடுத்து மகளை இங்கிலாந்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: நாங்க கம்பம். வண்டன்மேடு பக்கம் 2 ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கு, அதுபோக வீட்டுக்காரரு மளிகைக்கடை. மக பி.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சுட்டு பீர்மேட்டுல தோட்டத் தொழிலாளிங்களுக்கான ஒரு அமைப்புல 14 மாசமா வேலை பாக்குறா. இப்ப இங்கிலாந்துல சசெக்ஸ் யுனிவர்சிட்டில டெவலப்மென்ட் ஸ்டடீஸ் (வறுமை, வேலை, நாட்டு வளர்ச்சி பத்தின படிப்பு) மாஸ்டர்ஸ் சீட்டு கிடைச்சிருக்கு. எல்லாம் சேத்து 40 லட்சம் ஆகும்ங்கிறாங்க, கையில 10 இருக்கு. மிச்சத்துக்கு தோட்டத்த வச்சு லோன் எடுக்கலாமா சார்?

பதில்: அக்கா, உங்க மக இடத்த தப்பா தேர்ந்தெடுக்கல. சசெக்ஸ்ல இருக்குற ஐடிஎஸ், அதாவது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ், 1966லருந்து இந்தத் துறைக்குன்னே நடக்குற நிறுவனம், உலக ரேங்கிங்ல பல வருஷமா இந்தப் பாடத்துக்கு அதுதான் முதல் இடம். விடியக்கால இருட்டுல கம்பம்மெட்டு ஏறுற ஜீப்புல நம்மூரு பொம்பளைங்க நெருக்கியடிச்சு காய் எடுக்கப் போறத பாத்து வளந்த புள்ள இதப் படிக்கணும்னு கேக்குதுன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. என் கவலையெல்லாம் அந்த 30 லட்சம்தான்.

கணக்கு பாருங்க. வட்டி பத்தரை பர்சன்ட்னு வைப்போம். படிப்பு 1 வருஷம், அதுக்கப்புறம் 1 வருஷம் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும், 2 வருஷத்துல 6 லட்சத்து 30 ஆயிரம். அதக் கட்டாம விட்டா அசல்ல சேந்து 36 லட்சத்து 30 ஆயிரமா நிக்கும், 10 வருஷத்துல அடைக்கணும்னா மாசம் கிட்டத்தட்ட 49,000, 15 வருஷம்னு இழுத்தாலும் 40,000. இந்தப் படிப்பு முடிச்சுட்டு நம்ம நாட்டுல வேலைக்கு சேர்ற புள்ளைங்க ஆரம்பத்துல 40, 50 ஆயிரம் வாங்கினாலே நல்ல வேலைன்னு நான் சொல்லுவேன். அப்ப முழுச் சம்பளமும் பேங்குக்குத்தான்.

அங்கயே வேலை பாத்து அடைச்சிரலாம்னு யாராவது சொன்னா நம்பி இறங்காதீங்க. படிப்பு முடிஞ்சு தங்குற விசா 2027 ஜனவரி 1லருந்து அப்ளை பண்றவங்களுக்கு 2 வருஷம் இல்ல, 18 மாசம்தான். அதவிட முக்கியம், இந்தத் துறைக்கே இப்ப பணம் வத்துது, அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி நிறுவனம் யுஎஸ்எய்ட 2025ல மூடிட்டாங்க, இங்கிலாந்தும் வெளிநாட்டு உதவிய தேசிய வருமானத்துல 0.5 பர்சன்ட்லருந்து 2027ல 0.3க்கு கொண்டு வர்றோம்னு அறிவிச்சிருக்கு. அனுபவஸ்தங்களே வேலை தேடிட்டு இருக்குற நேரம் இது.

ஏலக்கா வருமானத்துல கட்டலாம்னு நினைக்கிறீங்களா, 2019ல புத்தடி ஏலக்கா ஏல மையத்துல கிலோ 7,000 போனதும் ரெண்டு மூணு வருஷத்துல 1,000க்கும் கீழ வந்ததும் என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், 2024 கோடைல ஏலச்செடித் தட்டையெல்லாம் காஞ்சதும் தெரியும். தவணை மட்டும் மாசாமாசம் ஒரே தொகைதான். இன்னொண்ணு, ஏழரை லட்சத்துக்கு மேல எஜுகேஷன் லோன்னா பொதுவா பேங்க் சொத்து கேக்கும், உங்க நிலம் ஏலமலைக்காட்டுப் பகுதில வந்தா பட்டா எந்த வகைன்னு பாக்காம எந்த பேங்கும் கை வைக்காது, அந்த நிலங்கள் பத்தின வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அதனால தோட்டத்த வைக்காதீங்க, இது என் உறுதியான கருத்து.

அதுக்காக புள்ள ஆசைய மூடி வைக்கச் சொல்லல. செவ்னிங் ஸ்காலர்ஷிப்னு பிரிட்டிஷ் அரசாங்கமே குடுக்குறது, ஃபீஸ், விமான டிக்கெட், மாசச் செலவு எல்லாம் அவங்களே. 2 வருஷ வேலை அனுபவம் வேணும்பாங்க, ஆனா அவங்க எண்ணுறது 2,800 மணி நேரம், வாரம் 40 மணி நேரம்னா 70 வாரத்துல வந்துரும், உங்க மக ஏற்கனவே 14 மாசம் பாத்தாச்சுல்ல, இன்னும் ரெண்டு மூணு மாசம்தான். படிச்சு முடிச்சதும் 2 வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும்னு ஒரு கண்டிஷன் உண்டு, பீர்மேட்டுக்கே திரும்பணும்னு நினைக்கிற புள்ளைக்கு அது பாரமே இல்ல. ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்துல குளோடெப்னு ஒரு 2 வருஷ இன்டர்நேஷனல் டெவலப்மென்ட் கோர்ஸ் இருக்கு, செக், பிரான்ஸ், இத்தாலி மூணு நாட்டு யுனிவர்சிட்டி சேந்து நடத்துறது, ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸ் போக மாசம் 1,400 யூரோ. ரெண்டுலயும் போட்டி ரொம்ப அதிகம், ஒரு தடவைல கிடைக்கலன்னா மனசு விடக்கூடாது.

கூடவே இங்கயும் போடணும். பெங்களூர் அசிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டில எம்.ஏ. டெவலப்மென்ட் இருக்கு, குடும்ப வருமானத்த பாத்து ஃபீஸ்ல சலுகை, முழுசாவும் தள்ளுவாங்க. மும்பை டிஸ்ல, அதாவது டாடா இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்ல, டெவலப்மென்ட் ஸ்டடீஸ் இருக்கு. திருவனந்தபுரம் சிடிஎஸ்ஸ (சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) நம்ம பக்கத்து புள்ளைங்க ஏன் கண்டுக்கவே மாட்டேங்குதுங்கன்னு எனக்கு எப்பவுமே வருத்தம்தான், பொருளாதார நிபுணர் கே.என்.ராஜ் ஆரம்பிச்ச இடம், லாரி பேக்கர் கட்டுன செங்கல் கட்டடம், அங்க எம்.ஏ. அப்ளைடு எகனாமிக்ஸ், எகனாமிக்ஸ் படிச்ச புள்ளைக்கு கணக்கும் டேட்டாவும் கையில ஏறும். வேலைக்கு எடுக்குறப்ப நீ எந்த நாட்டுல படிச்சங்கிறதவிட ஒரு சர்வேய நீயே வடிவமைச்சு நடத்தி முடிப்பியான்னுதான் கேப்பாங்க, அதனால எந்த கோர்ஸா இருந்தாலும் ரிசர்ச் மெத்தட்ஸ் எத்தன பேப்பர், ஃபீல்டு வேலை எத்தன வாரம்னு சிலபஸ பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

இந்த வாரமே சசெக்ஸுக்கு ஒரு மெயில் போட்டு சீட்ட அடுத்த வருஷத்துக்கு தள்ளித் தர முடியுமான்னு கேக்கட்டும், அதுக்குள்ள டெபாசிட் எதுவும் கட்டிராதீங்க. அந்த 10 லட்சத்த எஃப்டில போட்டு வைங்க, இங்க படிச்சா அதுலயே பெரும்பாலும் முடிஞ்சுரும், வெளிய ஸ்காலர்ஷிப்ல போனா விசாவுக்கும் முதல் மாசக் கைச்செலவுக்கும் அதுல கொஞ்சம் எடுத்தா போதும்.