பேய் சிரிக்கக் கூடாது – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அக்டோபர் 31-ல் வரும் ஹாலோவீன் பேய்ப் பண்டிகைக்காகச் செப்டம்பர் முடிவதற்குள்ளேயே தெரு முழுக்க சிலந்தி வலையும் எலும்புக்கூடும் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் 12 அடி எலும்புக்கூடு ஒன்றை வாசலில் நிறுத்தியிருக்கிறார், இவன் தினமும் ஸ்கூல் பஸ் ஏறும்போது அதற்கு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் போகிறான். போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் பெரிய பையன்கள் நிஜமான பேய்ப்படம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் எங்கள் நடுவில்தான் தூங்கினான். அப்படியும் இந்த வருடம் “ஸ்பூக்கியா ஏதாவது பாக்கணும்” என்று உயிரை எடுக்கிறான்.

பேயே கிடையாது, எதற்கு இந்த வெட்டி வேலை என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், விளக்கு வைத்த பிறகு அந்தப் பேச்சே கூடாது என்கிறார். ஆனால் அவரேதான் ஒரு மத்தியானம் இவனுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு கதையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார், இவன் மீதியைக் கேட்டு நச்சரிக்கிறான். பயமும் வேண்டும், ராத்திரி தூக்கமும் வேண்டும். என்ன பார்க்கலாம்? நம் ஊர்ப் பேய்க் காமெடிகளைப் போடலாமா? பேயை வைத்துச் சிரிப்பதே தப்பு என்று மாமியார் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. பேய்க்கதையில் தாராளமாகச் சிரிக்கலாம், ஆனால் பேய்க்கு ஒரு மரியாதை இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த மாதிரி வேடிக்கைப் பேய்களை உருவாக்கியவர்களில் கெட்டிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பேய் தன் வேலையைச் சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பயப்படுகிறவன்தான் கோமாளி, பேயும் சேர்ந்து ஜோக் அடிக்க ஆரம்பித்தால் பயமும் போச்சு சிரிப்பும் போச்சு.

1948-ல் வந்த ‘அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ கருப்பு வெள்ளைப் படம்தான், இருந்தாலும் போட்டுப் பாருங்கள். ரயில் நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் இரண்டு பேர், பயங்கரப் பொம்மைகளை வைத்துக் காட்சி நடத்தும் ஓர் ஆளுக்கு வந்த பெட்டிகளை ராத்திரி கொண்டுபோய் இறக்குகிறார்கள். குண்டாக இருப்பவர் காஸ்டெல்லோ. டிராகுலாவின் சவப்பெட்டி மேலே மெழுகுவர்த்தி எரிகிறது, அவர் பக்கத்தில் நின்று டிராகுலாவைப் பற்றி அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறார். கிறீச் என்று ஒரு சத்தம். மூடி கொஞ்சமே கொஞ்சம் திறக்கிறது, மெழுகுவர்த்தி தானாக நகர்கிறது. கூட்டாளியைக் கூப்பிட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. கூட்டாளி வந்து பார்க்கும்போது எல்லாம் அடங்கியிருக்கும், அவர் திட்டிவிட்டுப் போவார், மறுபடியும் கிறீச். இவ்வளவுதான் காட்சி. எத்தனை முறை பார்த்தாலும் அந்த மெழுகுவர்த்தி நகரும்போது எனக்கு முதுகில் ஏதோ ஊரும், அடுத்த நொடி காஸ்டெல்லோவின் முகத்தைப் பார்த்து வயிறு வலிக்கும்.

இது வேலை செய்வதற்குக் காரணம் பெட்டிக்குள் இருப்பவர். 1931-ல் டிராகுலாவாக நடித்த அதே பேலா லுகோசி, 17 வருடம் கழித்து அதே மாதிரி மேலங்கியோடு வருகிறார். முழுநீளப் படத்தில் அவர் டிராகுலாவாக வந்தது அந்த இரண்டு முறைதான். இரண்டாவது முறை வந்தது ஒரு காமெடிப் படத்தில், ஆனால் அது காமெடிப் படம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையோ என்று தோன்றும் அளவுக்குக் கம்பீரம். ஓர் இடத்தில்கூட இளிக்க மாட்டார்.

ஏழு வயதுக்கு 83 நிமிடக் கருப்பு வெள்ளை கொஞ்சம் நீளம் என்றால் முதலில் ‘ஸ்கெலிடன் டான்ஸ்’ போடுங்கள். 1929-ல் வால்ட் டிஸ்னி வெளியிட்ட கார்ட்டூன், ஆறு நிமிடம்கூட ஆகாது. வசனமே கிடையாது என்பதால் மாமியாரும் பார்க்கலாம். ஆந்தை, காற்று, கல்லறைமேல் சண்டை போடும் பூனைகள் என்று ஆரம்பத்தில் நிஜமாகவே கொஞ்சம் பயமுறுத்தும். அப்புறம் எலும்புக்கூடுகள் எழுந்து ஆட ஆரம்பிக்கும், ஒன்று இன்னொன்றின் முதுகெலும்பை சைலஃபோன் மாதிரி தட்டி வாசிக்கும். சேவல் கூவியதும் அடித்துப் பிடித்துக் கல்லறைக்குள் ஓடுகின்றன, அவசரத்தில் ஒரு ஜோடிப் பாதம் மட்டும் வெளியே நின்றுவிடுகிறது. அந்தப் பாதத்துக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன். படம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகப் பார்ப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். எதிர்வீட்டு 12 அடிக்காரரோடு உங்கள் பையனுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம், அதனால் இதில் சிக்கல் வராது. (அந்த எலும்புக்கூட்டை 2020-ல் ஹோம் டிப்போ என்ற கடை 299 டாலருக்கு இறக்கியது. அதை நவம்பரில் எங்கே வைப்பது என்று தெரியாமல் தாடி ஒட்டிக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக்கிய ஒரு வீட்டை நானே பார்த்தேன்.)

பேயே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் சார்லி பிரௌன் கார்ட்டூன். ‘இட்ஸ் தி கிரேட் பம்ப்கின், சார்லி பிரௌன்’ 1966 அக்டோபர் 27-ம் தேதி முதல்முறை ஒளிபரப்பானது, இப்போது ஆப்பிள் டிவியில் இருக்கிறது. லைனஸ் என்ற பையன் பூசணித் தோட்டத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறான், மகா பூசணி எழுந்து வந்து பரிசு தரும் என்று. வருவதில்லை. சார்லி பிரௌன் வீடு வீடாகப் போகிறான், மற்ற பிள்ளைகள் பையில் மிட்டாய் விழுகிறது, இவன் பையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல். ஏன் கல் என்று கடைசிவரை யாரும் விளக்குவதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவனுக்கென்று தபாலில் மிட்டாய் அனுப்பியவர்கள் உண்டு. உங்கள் பையன் இதில் அழுதாலும் அழுவான், ஆனால் தூக்கம் போகாது.

உங்கள் கணவருக்கு ஸ்கூபி டூ. 1969 செப்டம்பரில் தொடங்கிய கார்ட்டூன் தொடர். எந்தப் பேயாக இருந்தாலும் கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு திருட்டு மனுஷன் இருப்பான். எனக்கு இரண்டு கதைக்குமேல் அலுத்துவிடும். பிள்ளைகளுக்கு அலுப்பதே இல்லை, முகமூடி கழலப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவதுதான் அவர்களுக்குச் சுகம் போலிருக்கிறது.

அதற்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் முன்பு, 1969 ஆகஸ்ட் 9-ம் தேதி, கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்ற பேய் வீடு திறந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்ட அதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் அங்கே பெரிய பெரிய ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். வெளிக்கட்டடம் 1963-லேயே எழுந்துவிட்டது. உள்ளே என்ன வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை. நடுவில் நியூயார்க் உலகக் கண்காட்சி வேலை வந்தது, 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துபோனார். மார்க் டேவிஸ் என்ற கலைஞர் வேடிக்கையாக இருக்கட்டும் என்றார், கிளாட் கோட்ஸ் என்பவர் பயமாக இருக்கட்டும் என்றார். கடைசியில் கிடைத்தது இரண்டு பேரும் கேட்டதுதான், பயமான முதல் பாதி கோட்ஸுடையது, வேடிக்கையான இரண்டாம் பாதி டேவிஸுடையது. சமரசத்தில் செய்தது என்றாலும் வரிசை கச்சிதமாக அமைந்துவிட்டது.

நான் ஒரு ஜூன் மாதம் பேரனோடு போனேன். முடிவில்லாத நடை, அதில் ஆளே இல்லாமல் அந்தரத்தில் மிதக்கும் விளக்குத்தண்டு, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவது போல உப்பி உப்பி அடங்கும் கதவு. பேரன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அப்புறம் கல்லறைத் தோட்டம் வந்தது, சிலைகளெல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்தன, ஓரக்கண்ணால் பார்த்தேன், பயல் காலால் தாளம் போடுகிறான். வெளியே வந்ததும் “மறுபடி போலாமா?” என்றான். பாட்டு முதலிலேயே வந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. (நீங்கள் அக்டோபரில் போனால் கலிஃபோர்னியாவில் இதே வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வேடம் போட்டிருப்பார்கள், 2001-லிருந்து அப்படித்தான். வேடம் போடாத வீடு வேண்டுமென்றால் ஃபுளோரிடா.)

அந்த வீட்டில் ஒரு நடனக்கூடம் உண்டு. கண்ணாடி போல உடம்பு ஊடுருவித் தெரியும் ஆவிகள் ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடும். எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது, 1862-ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் செய்து காட்டிய பழைய வித்தைதான். ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே இருட்டு, உங்கள் முகம் புளியமரங்களுக்கு நடுவில் மிதந்துகொண்டே கூட வருமே, அதேதான். பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலிக் கூடம், நம் கண்ணில் படாத இடத்தில் வெளிச்சம் போட்டு ஆடும் பொம்மைகள், நாம் பார்ப்பது கண்ணாடியில் விழும் அவற்றின் பிரதிபலிப்பு.

இதைப் பையனோடு வீட்டிலேயே செய்யலாம். ஃபோட்டோ ஃப்ரேமின் கண்ணாடியை எடுத்து (ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்) மேசையில் சாய்கோணமாக நிறுத்துங்கள். பின்னால் அவனுடைய பொம்மைக் கார் ஒன்று. பக்கத்தில் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னே ஒரு குட்டிப் பொம்மை, அதன்மேல் டார்ச். அறை இருட்டாக இருக்க வேண்டும். டார்ச்சைப் போட்டால் பொம்மை காருக்குப் பக்கத்தில் ஆவியாக நிற்கும், கையால் மெல்ல மறைத்தால் கரைந்துபோகும். போன வருடம் பயந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது, டார்ச் அவன் கையில்தானே இருக்கிறது.

1959-ல் ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ வந்தபோது வில்லியம் காஸில் என்ற இயக்குநர், திரையில் எலும்புக்கூடு எழும் நேரத்தில் தியேட்டருக்குள்ளேயே கம்பியில் கட்டிய நிஜ பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பறக்கவிட்டார். பிள்ளைகள் அலறினார்களா? கையில் இருந்த பாப்கார்ன் பெட்டியை வீசி அதை அடித்து விழ வைக்கப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் நாயகன் வின்சென்ட் பிரைஸ், 1948 படத்தின் கடைசியில் குரலாக மட்டும் வரும் கண்ணுக்குத் தெரியாத மனிதரும் அவரே, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பாட்டில் கேட்கும் அந்தச் சிரிப்பும் அவருடையதே. த்ரில்லர் வீடியோவை முழுசாகப் போடாதீர்கள், ஆரம்பத்தில் ஜாக்சனின் முகம் மாறும் இடம் உங்கள் வீட்டில் இன்னும் இரண்டு வாரத் தூக்கத்தைக் காலி செய்யும். நடனம் மட்டும் போதும்.

எல்லோரும் சொல்லும் ‘ஹோகஸ் போகஸ்’ 1993 ஜூலையில் வந்து தியேட்டரில் சரியாகப் போகாமல், பிறகு டிவியில் வருடா வருடம் போட்டுப் போட்டே ஹாலோவீன் படமானது. அதில் கன்னி கழியாதவன் ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தி ஒன்று வருகிறது, ‘வர்ஜின்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பையன் உடனே அர்த்தம் கேட்பான். மாமியார் பக்கத்தில் இருப்பார். யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் படங்களை இந்த வயதில் வேண்டாம் என்பேன். நம் பேய்க்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கிறது, யாரோ அதற்குத் துரோகம் செய்திருப்பார்கள், ‘காஞ்சனா’வில் முதல் பாதி முழுக்க வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு இரண்டாம் பாதியில் கொலையையும் அழுகையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். ஏழு வயதுக்கு அந்த ஃபிளாஷ்பேக்தான் நிஜ பயங்கரம்.

31-ம் தேதி பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள் என்றால் அங்கே பழைய விளையாட்டு ஒன்று உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, செத்தவனின் உறுப்பு இது என்று சொல்லி ஒவ்வொரு தட்டாகக் கைமாற்றுவார்கள், உரித்த திராட்சை கண், ஆறிப்போன நூடுல்ஸ் குடல். நம்மிடம் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. ஆசியக் கடையில் டின்னில் வரும் நுங்கை வாங்கி, சர்க்கரைப் பாகைக் கழுவிவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சில்லென்று விரலுக்குள் வழுக்கும்போது திராட்சையெல்லாம் கிட்ட நிற்க முடியாது. குடலுக்கு ஆறின இடியாப்பம். முந்திரி, வேர்க்கடலை பக்கம் போகாதீர்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். தட்டு கைமாறும்போது யாரும் சிரிக்கக் கூடாது, முக்கியமாக நீங்கள்.

தட்டைக் கொடுக்கும் வேலைக்கு உங்கள் மாமியாரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். கொள்ளிவாய்ப் பிசாசை நம்புகிறவர், நடிக்கவே வேண்டாம். மீதிக் கதையையும் அவரிடம் கேட்டுவிடுங்கள், மத்தியானத்திலேயே கேளுங்கள், அவர் விதியை மீறவேண்டாம். உங்கள் கணவர் சதுப்பு நில வாயு என்று விளக்க ஆரம்பிப்பார், அந்த நேரம் பார்த்து அவரைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். கதை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என் பாட்டியும் அதை வயலுக்குக் குறுக்கே நெருப்பு வருகிற இடத்தில் நிறுத்தியவர்தான், எனக்கும் மீதி தெரியாது.