மழையில் பரங்கிப் பிஞ்சு ஏன் உதிர்கிறது?

பர்மாவின் பீகுவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வேலியில் பரங்கிக் கொடி தழைத்துக் கிடக்கிறது. பூவுக்குக் குறைவில்லை. ஆனால் மழை பிடித்ததிலிருந்து பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுகிறது. ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழா சமயத்து வெயிலிலும் காய் தங்கவில்லை. அப்போது ஆண் பூவைத் தொட்டால் விரலில் தூளே ஒட்டவில்லை. யூரியா போடலாமா?”

யூரியா வேண்டாம் அம்மா, இலைதான் பெருக்கும். நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டும் மகரந்தத்தில்தான்.

மழையை முதலில் பார்ப்போம். பர்மியர் ஷ்வேபயோன்தி என்னும் இந்தப் பரங்கியின் மகரந்தமணி பெரிய ரகம்; கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். எக்சைன் என்கிற வெளித்தோல் முள்முள்ளாக, கெட்டியாக இருக்கும். உள்தோலான இன்டைன் மெல்லியது. வெளித்தோலில் ஆங்காங்கே துளைகள், ஒவ்வொன்றுக்கும் பானை மூடி மாதிரி ஒரு மூடி. பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியில் விழுந்த மணி அங்குள்ள ஈரத்தை அளவாக உறிஞ்சும். அப்புறம் ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டு உள்தோல் குழாயாக நீண்டு, பூவின் அடியில் பிஞ்சாகத் தெரியும் சூற்பைக்கு இறங்கும்; அப்போதுதான் பிஞ்சு தங்கும். மழைநீருக்கு அளவு ஏது? வெறும் நீர் மளமளவென்று உள்ளே புகுந்து, மணி வெடித்துச் சாறு கொட்டிவிடும். போதாததற்குத் தேனீயும் மழையில் வராது.

வெயில் கதை வேறு. மகரந்தத் தூள் பூ விரிகிற அன்று உண்டாவதில்லை. மொட்டு மிகச் சிறியதாக இருக்கும்போதே மகரந்தப்பைக்குள் தாய்ச்செல் ஒவ்வொன்றும் நான்காகப் பிரிகிறது. பையின் உள்வரிசையான டபீட்டம்தான் அந்த நான்குக்கும் தீனி போட்டு, வெளித்தோலுக்கான பொருளையும் தருகிறது. பிள்ளை வளர்க்கும் ஆயா என்றே சொல்லலாம். கடும் வெயில் இந்தக் கட்டத்தில் அடித்தால் ஆயா முந்திச் சாகிறாள், பிள்ளைகள் சூம்பிப் போகின்றன. பூ பின்னால் அழகாகவே விரியும், பை மட்டும் காலி. அதற்குக் கைவைத்தியம் கிடையாது; வெயில் தணிந்து புது மொட்டு வரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

மழைக்கு வழி உண்டு. மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும். சாயங்காலமே ஆண் மொட்டு இரண்டு, அடியில் குட்டிக்காய் உள்ள பெண் மொட்டு ஒன்று, இவற்றின் வாயை நூலால் கட்டுங்கள். விடிந்ததும் ஆண் பூவின் இதழை உரித்து (எறியாதீர்கள், கடலைமாவில் முக்கிப் பொரிக்கலாம்), நடுத்தண்டைச் சூல்முடியின் மூன்று மடலிலும் தாராளமாகத் தேயுங்கள். தூள் குறைந்தால் காய் ஒரு பக்கம் கோணும். உடனே பெண் பூவைத் திரும்பக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் குடை மாதிரி கவிழ்த்துவிடுங்கள். மறுநாள் எடுத்துவிடலாம்.