கையில் ஒரு துகள்: எதைக் கேட்பது?

கேள்வி: நான் இளம் வழக்கறிஞர். என் கட்சிக்காரர் கையில் எடுத்த மாதிரியில் துப்பாக்கி எச்சத் துகள் (சுடும்போது வெளிப்பட்டு ஒட்டுவது) ஒன்று இருந்ததாக ஆய்வக அறிக்கை சொல்கிறது. சம்பவத்துக்கு முதல் நாள் பட்டாசு வெடித்தேன் என்கிறார் அவர். இந்த வாதம் எடுபடுமா?

பதில்: எடுபடாது. கையில் ஒட்டிய துகள் சில மணி நேரத்திலேயே உதிர ஆரம்பித்துவிடும். கை கழுவினால் கேட்கவே வேண்டாம். நேற்றைய பட்டாசை இன்று வரை காப்பாற்றுவது கஷ்டம்.

தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் என்ற பற்றவைப்பு மருந்து வெடிக்கும்போது, அதில் பொதுவாக இருக்கும் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஆவியாகி, உடனே குளிர்ந்து, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் உருண்டைகளாக உறைகின்றன. ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரே துகளுக்குள் மூன்றும் சேர்ந்து தெரிய வேண்டும். பட்டாசில் பேரியம் இருக்கலாம், ஆனால் அலுமினியம், பொட்டாசியம், குளோரின் என்று ஒரு பட்டாளமும் கூட வரும். இதே உலோகங்கள் வரக்கூடிய வாகன பிரேக் பேட் துகளை அதிலுள்ள இரும்பு காட்டிக்கொடுக்கும். எனவே அந்தத் துகளின் படத்தையும் அதில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்-கதிர் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வார்த்தையை ஏற்காதீர்கள்.

சரி, மூன்றும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது கைக்கு எப்படி வந்தது? லண்டனில் 1999-ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜில் டேண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். சுமார் ஓராண்டு கழித்து ஒருவர் வீட்டில் எடுத்த கோட்டின் பையில் ஒரே ஒரு துகள் கிடைத்தது. 2001-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. ஆய்வகத்துக்குப் போகும் முன்பே அந்தக் கோட்டைப் போலீசார் வெளியே எடுத்துப் படம் பிடித்திருந்தார்கள். அவர் சுட்டிருந்தாலும் சுடாவிட்டாலும் இப்படி ஒரு துகள் கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவுதான் என்று தடயவியல் தரப்பே பின்னர் சொன்னது. 2007-ல் தண்டனை ரத்தானது. 2008 மறுவிசாரணையில் விடுதலை. துகள் என்னவோ அதே துகள்தான்!

உங்கள் வழக்கிலும் குறுக்கு விசாரணையை, துகள் கைக்கு எப்படி வந்தது என்ற இந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் கழித்து மாதிரி எடுத்தார்கள்? விலங்கு மாட்டியவரும் மாதிரி எடுத்தவரும் அன்று துப்பாக்கியைத் தொட்டார்களா? ஜீப்பில் ஏற்றிய பிறகா, முன்பா? அப்புறம், யார் கையிலும் படாத வெற்று ஸ்டப் (மாதிரி எடுக்கும் ஒட்டும் வில்லை) ஒன்றையும், அதிலேயே மாசு இருந்ததா என்று ஒப்பிட, சேர்த்து அனுப்பினார்களா என்று மகஜரில் (போலீசாரின் கைப்பற்றல் பதிவில்) பாருங்கள்.