மெல்லிசான லேப்டாப்: பேட்டரி முக்கியமா, திரை முக்கியமா? கேள்வி பதில்

அரூர், கல்லூரி மாணவி: அண்ணா, 14 இன்ச்ல ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 2.8கே (2880×1800 புள்ளி) ஓஎல்இடி திரை, 120 ஹெர்ட்ஸ். இன்னொண்ணு 1920×1200 ஐபிஎஸ். ரெண்டுலயும் 57 வாட்-ஹவர் பேட்டரி, விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிளாஸ்ல பிளக் பாயின்ட் கிடைக்காது. எதை எடுக்கட்டும்?

ஐபிஎஸ் எடுத்துக்கோம்மா. பேட்டரியின் வாட்-ஹவரை, லேப்டாப் சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரிந்துவிடும். நோட்ஸ் அடிப்பது, பிடிஎஃப் படிப்பது, பிரவுசரில் சில டேப் என்ற அளவு வேலைக்கு மொத்தம் 6 வாட் இழுத்தால் ஒன்பதரை மணி வரும். அதே வேலைக்கு 9 வாட் இழுத்தால் சுமார் ஆறே கால் மணிதான். இந்த 3 வாட் வித்தியாசத்தைத் திரை ஒன்றே உண்டாக்கிவிடும்.

ஐபிஎஸ் திரைக்குப் பின்னால் ஒரே பேக்லைட். பக்கம் வெள்ளையாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் அது எரிவது ஒரே அளவு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. இருட்டுக் காட்சிகள் உள்ள படம் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் அணைந்து கிடக்கும், சார்ஜ் மிச்சம்தான். ஆனால் நீ நாள் முழுக்கப் பார்க்கப்போவது வெள்ளைப் பக்கம். அதில் எல்லாப் புள்ளியும் எரிந்தாக வேண்டும்.

2.8கே-வில் ஒரு நல்லது உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 14 இன்ச்சில் 1920×1200 என்றால் இன்ச்சுக்குச் சுமார் 162 புள்ளி. 2880×1800 என்றால் 243. பொடி எழுத்தில் ணை, ஞூ போன்றவற்றின் சுழிகள் அதில் பிசிறில்லாமல் தெரியும். ஆனாலும் பிளக் கிடைக்காத இடத்தில் மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுக்க அது போதாது.

பாலக்கோடு: நான் ஓஎல்இடி வாங்கியாச்சுங்க. இப்ப என்ன பண்றது?

நல்ல திரைதான், கவலை வேண்டாம். மூன்று மாற்றம் செய்யுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) 60 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பர்சனலைசேஷன், கலர்ஸில் டார்க் மோட் போடுங்கள். வேர்டிலும் பிரவுசரிலும் தனியாகப் போட வேண்டியிருக்கும். டாஸ்க்பாரைத் தானே மறையும்படி வையுங்கள். மூன்றாவது மாற்றம் பேட்டரிக்காக இல்லை. ஒரே படம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்று எரிந்தால் அங்கே நிழல் போலத் தடம் விழும், அதைத் தவிர்க்கத்தான்.

ஓசூர், தினமும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ்ஸில் போகிறவர்: ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா திரையில முகம்தான் தெரியுது. பிரைட்னஸை முழுசா வச்சா சார்ஜ் பறக்குது.

உங்களுடையது 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) திரையாகத்தான் இருக்கும். வீட்டுக்குள்ளேயே அது சுமார். பகல் வெளிச்சத்தில் 400 நிட்ஸும், பிரதிபலிப்பைக் குறைக்கும் மேட் பூச்சும் வேண்டும். 400 நிட்ஸ் திரை என்றாலே அதிகம் இழுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது எட்டக்கூடிய உச்சம்தான் 400. ராத்திரி 150-ல் வைத்தால் அந்த அளவுக்குத்தான் இழுக்கும். இரட்டை வெளிச்சம் வைத்தால் பேக்லைட் இழுவையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அவ்வளவுதான். ஸ்பெக்கில் ‘லோ பவர்’ என்று போட்ட 400 நிட்ஸ் ஐபிஎஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அதுவரை பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள். காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் உங்கள் ரூட்டில் வெயில் வலப்பக்கம் பின்னாலிருந்துதான் வரும்.

கிருஷ்ணகிரி: சார்ஜரைப் பிடுங்கினதும் திரை மங்கி, கலரும் வெளிறிப்போகுது. பேனல் போச்சா?

பேனல் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க சாஃப்ட்வேர் செய்யும் வேலை அது. செட்டிங்ஸ், டிஸ்ப்ளேயில் பிரைட்னஸ் பக்கத்து அம்புக்குறியை விரித்து, திரையில் உள்ளதற்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் வசதி இருந்தால் அணையுங்கள். பிறகும் மங்கினால் ஏஎம்டி சாஃப்ட்வேரில் வேரி-பிரைட், இன்டெல் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேரில் டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ், இதில் உங்களுக்குப் பொருந்துவதை அணையுங்கள்.

பென்னாகரம், போட்டோ ஸ்டுடியோ: கல்யாண ஆல்பம் வேலைக்கு மெல்லிசா ஒண்ணு வேணும் சார். பேட்டரி ரெண்டாம் பட்சம்.

அப்படியானால் ஓஎல்இடி தாராளமாக வாங்கலாம். பட்ஜெட் இடித்தால் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் (எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி இரண்டும் திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள்). ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டதைத் தொடாதீர்கள். எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூட முழுசாக வராது. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை அதில் வெளிறித் தெரியும். அதை நம்பிச் சிவப்பை ஏற்றினால் பிரின்ட்டில் ரத்தச் சிவப்பாக வந்து நிற்கும். ஓஎல்இடியில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: திரையின் வண்ணப் பரப்பு பெரிது, எல்லாம் தூக்கலாகத் தெரியும். எடிட் செய்யும் முன் கம்பெனி ஆப்பில் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றுங்கள்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலைக் கணக்கர்: மேக்புக் ஏர்ல ரெண்டுமே நல்லா இருக்காமே?

உண்மைதான். 2022-ல் வந்த எம்2 ஏரில் 52.6 வாட்-ஹவர் பேட்டரி, 500 நிட்ஸ் திரை. இணையம் பார்க்க 15 மணி என்கிறது ஆப்பிள். வகுத்தால் மொத்த இழுவை 3.5 வாட். சிப் குறைவாக இழுப்பதால் திரைக்குத் தாராளமாகக் கொடுக்க முடிகிறது. ஆனால் டேலி கணக்கு சாஃப்ட்வேர் அதில் நேரடியாக ஓடாது. உங்கள் வேலைக்கு விண்டோஸ்தான்.

தருமபுரி: பழசு ஒண்ணு விலைக்கு வருது. பேட்டரியை எப்படிப் பார்க்கிறது?

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு ஃபைல் உருவாகும், எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் பிடித்த அளவு) 50,000 என்றிருந்து ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிக்கும் அளவு) 35,000 என்றால் முப்பது சதவீதம் போய்விட்டது. புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

தேன்கனிக்கோட்டை: 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் உதவுமா?

3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-ஹவர்; மாற்றத்தில் போவது போக 60 அளவு கையில் வரும். ஏறக்குறைய ஒரு முழு சார்ஜ். டைப்-சி பிடி (பவர் டெலிவரி என்ற சார்ஜிங் முறை) வெளியீடு 65 வாட் இருக்க வேண்டும். போனுக்கான 18 வாட் பேங்க் பெரும்பாலான லேப்டாப்பில் ஏறாது.

ஊத்தங்கரை: கடையில என்ன கேட்கணும்?

ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று பேனல் வரும். டெமோ பீஸில் பார்த்தது ஒன்று, பெட்டியில் வருவது வேறு. அதனால் பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு நிட்ஸ், எஸ்ஆர்ஜிபி சதவீதம், வாட்-ஹவர் மூன்றையும் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள். அங்கே ‘18 மணி நேரம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ மட்டும் ஓட்டி எடுத்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும் என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள்.