வலப்பக்க இதயமும் பூவா தலையாவும்

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 19 வயது. வேலையில் சேர்வதற்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தது. படத்தைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் வலப்பக்கம்தான். ஸ்கேனில் கல்லீரல் இடப்பக்கமும் மண்ணீரல் வலப்பக்கமும் இருப்பது தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஆனால் எங்கள் அம்மா, அண்ணி மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதும், வலப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்ததும்தான் காரணம் என்று இன்றுவரை குத்திக்காட்டுகிறார். எல்லோருக்கும் இதயம் இடப்பக்கம் அமைவது எதனால்? இவனுக்கு மட்டும் ஏன் மாறியது?
— வாசகி ஒருவர், மாதுங்கா, மும்பை

பதில்: முதலில் அண்ணியின் மீதுள்ள வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். இடம் எது, வலம் எது என்பது கரு உண்டான மூன்றாவது, நான்காவது வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. கரு அப்போது கடுகளவுதான் இருக்கும். நாள் தள்ளிப்போனதைக்கூடப் பல பெண்கள் அந்தச் சமயத்தில் கவனித்திருக்க மாட்டார்கள். ஒருக்களித்துப் படுக்க வேண்டிய அளவுக்கு வயிறு பெரிதாவது அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதயம் தொடக்கத்தில் இடப்பக்கம் இருப்பதே இல்லை. கருவின் நடுக்கோட்டில் நேரான ஒரு குழாயாகத்தான் அது உருவாகிறது. ஏறக்குறைய 22ஆம் நாளில் துடிக்கவும் தொடங்குகிறது. அதன் பின்பு அந்தக் குழாய் வளைகிறது. இது எப்படி நிகழ்கிறது என்பதை மும்பைவாசிகளுக்குப் புரியவைப்பது எளிது. காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் குழாய்க்கும் நீல டிரம்முக்கும் இடையே ரப்பர் ஹோஸ் மாட்டுவீர்கள் அல்லவா? இரண்டு முனைகளும் பிடிபட்டிருக்க, ஹோஸ் மட்டும் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அது நேராக நிற்காது, எந்தப் பக்கமாவது வளைந்தே தீரும். எந்தப் பக்கம் என்பதை, மாட்டும்போது முனையில் விழுந்த ஒரு சிறு முறுக்கு தீர்மானித்துவிடும். கருவின் இதயக் குழாயும் இரண்டு முனைகளிலும் பிடிபட்ட நிலையில் நீண்டுகொண்டே போவதால்தான் வளைகிறது. முனைகளில் உண்டாகும் சிறு இட வல வேறுபாடுகள் அந்த வளைவை வலப்பக்கம் தள்ளுகின்றன. ஆம், முதல் வளைவு வலப்பக்கம்தான். அதைத் தொடர்ந்து வரும் மடிப்புகளிலும் திருப்பங்களிலும்தான் இதயத்தின் கூர்முனை இடப்பக்கம் வந்து அமர்கிறது.

ஆக, வளைவது குழாயின் சொந்தக் குணம்; எந்தத் திசையில் வளைய வேண்டும் என்பது மட்டும் வெளியிலிருந்து வரும் செய்தி. அந்தச் செய்தி எங்கே பிறக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சுண்டெலிக் கருவின் நடுக்கோட்டில், கணு எனப்படும் சிறு குழி ஒன்று சில மணி நேரமே இருந்து மறைகிறது. அங்குள்ள செல் ஒவ்வொன்றிலும் சிலியா எனப்படும் குறுஇழை ஒன்று, ஒரே திசையில், நொடிக்குச் சுமார் பத்து முறை சுழல்கிறது. வெறுமனே சுழன்றால் நீர் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ஆனால் இந்த இழைகள் வால் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. சாய்ந்த இழை வலப்பக்கம் வீசும்போது செல்லின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிறது. பரப்பை ஒட்டிய நீர் எளிதில் நகர்வதில்லை. இடப்பக்கம் வீசும்போதோ இழை மேலே எழும்பி நீரை நன்றாகத் தள்ளுகிறது. இதனால் குழியிலுள்ள நீர் மொத்தமாக இடப்பக்கம் ஓடுகிறது. குழியின் ஓரத்தில் உள்ள அசையாத குறுஇழைகள் இந்த ஓட்டத்தை உணர, இடப்பக்கத்தில் மட்டும் நோடல் என்ற புரதம் ஓங்குகிறது. லெஃப்டி என்ற இன்னொரு புரதம் நடுக்கோட்டில் வேலிபோல நின்று அது வலப்பக்கம் பரவாமல் தடுக்கிறது. நோடல் பரவிய பக்கத்தில் பிட்எக்ஸ் 2 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. ‘இதுதான் இடப்பக்கம்’ என்று அங்கே உருவாகும் உறுப்புகளுக்குச் சொல்வது அதுதான்.

இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998இல் சுண்டெலியில் கண்டறிந்தார்கள். 2002இல் கருவைச் சுற்றி எதிர்த்திசையில், அதாவது வலப்பக்கமாக, செயற்கையாக நீரோட்டம் செலுத்தியபோது கருவின் இட வல அமைப்பே தலைகீழானது. கோழிக்கருவில் இந்தச் சுழலும் இழைகளே கிடையாது. அங்கே கணுவைச் சுற்றியுள்ள செல்களே இடப்பக்கமாக நகர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. வழி வேறானாலும் வந்து சேருமிடம் அதே நோடல்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குறுஇழைகள் அசையாமல் போனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இதயம் வலப்பக்கம் போய்விடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அப்படி நடப்பதில்லை, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எல்லாம் வழக்கம்போலவே அமைகிறது, மீதிப் பாதிப் பேருக்குத்தான் மாறுகிறது. செய்தி தவறாகப் போகவில்லை, போகவே இல்லை. ஆகவே உடல் பூவா தலையா போட்டுப் பார்க்கிறது. உங்கள் அண்ணன் மகனுக்கு உள்ளதுபோல உறுப்புகள் எல்லாமே கண்ணாடிப் பிம்பமாக மாறி அமைவது சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு நேர்கிறது. எல்லாம் சேர்ந்து மாறுவதால் இரத்தக் குழாய் இணைப்புகள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. டாக்டர் பயப்பட வேண்டாம் என்றது அதனால்தான். சிலது மாறி, சிலது மாறாமல் நின்றால்தான் ஆபத்து. இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் துடிப்புக்கணு (முன்பு சொன்ன கருவின் கணு வேறு, இது வேறு) வலது மேலறையில் மட்டும் இருக்கிறது. இடது மேலறையில் அப்படியொன்று உருவாகாமல் தடுப்பது பிட்எக்ஸ் 2. அந்தத் தடை இல்லாத சுண்டெலிகளுக்கு இரண்டு பக்கமும் துடிப்புக்கணு உருவாகிவிடுகிறது. பிறவி இதயக் குறைகள் சிலவற்றின் வேர் இந்த இட வலக் குழப்பத்தில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவனிடம் கேளுங்கள். பிறந்ததிலிருந்தே ஓயாத சளி, மூக்கடைப்பு, சளியோடு கூடிய இருமல் உண்டா? மாறிய உறுப்புகள், சைனஸ் தொல்லை, பழுதான மூச்சுக்குழல்கள் ஆகிய மூன்றும் ஒரே நபரிடம் சேர்ந்திருப்பதை சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்டாகனர் 1933இல் விவரித்தார். 1976இல்தான் ஸ்வீடனைச் சேர்ந்த அஃப்செலியஸ், இவற்றுக்குப் பின்னால் இருப்பது அசையாத குறுஇழைகள் என்று காட்டினார். மூச்சுக்குழலில் சளியை மேலே தள்ளி வெளியேற்றுவதும் குறுஇழைகளே அல்லவா? அப்படித் தொல்லை இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை. நம்மிடையே வழக்கமான மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் இதற்கான வாய்ப்பு சற்றுக் கூடும். அப்போதும் பொறுப்பு அண்ணிக்கு மட்டுமானதல்ல, உங்கள் அண்ணனுக்கும் பாதி உண்டு. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

இசிஜி எடுக்கும்போது ஒட்டும் முனைகளை அவனுக்கு வலப்பக்கம் மாற்றி வைக்க வேண்டும். குடல்வால் வீங்கினால் வலி இடப்பக்கம் வரக்கூடும். அவன் தினமும் லோக்கல் ரயிலில் போகிறவனாக இருந்தால், பாஸ் வைக்கும் கவரிலேயே ஸ்கேன் அறிக்கையின் நகல் ஒன்றை மடித்து வைத்திருக்கட்டும்.