சாரலில் மிஸ்ஸிங்: காயிலை மாற்றும் முன்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது, நான்கு சிலிண்டர். சாரல் பெய்யும் நாள்களில் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது, மேடு ஏறும்போது மிஸ்ஸிங்கும் (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது) வருகிறது. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது. நான்கு பிளக்குகளையும் மாற்றியும் பயனில்லை. இப்போது இக்னிஷன் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: அவசரப்பட வேண்டாம். ஈரத்தில் வந்து வெயிலில் மறையும் மிஸ்ஸிங், காயிலுக்கும் பிளக்குக்கும் இடையே எங்கோ கரண்ட் கசிகிறது என்பதற்கே பெரும்பாலும் அடையாளம். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது; பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டுவதைவிட எளிதான வழி கிடைத்தால், அந்த மின்சாரம் அவ்வழியே எஞ்சினில் எர்த் ஆகிவிடும். பழைய பிளக் ஒயரின் ரப்பரில் மெல்லிய வெடிப்பு விட்டு, அதில் ஈரமும் படிந்தால் போதும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறி பறக்க இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது; சமதளத்தில் தெரியாத கசிவு அங்கே வெளிப்படுவது அதனால்தான்.

இருட்டிய பிறகு, திறந்த வெளியில், ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயர்கள்மீது மட்டும் தண்ணீரைப் பனிபோலத் தெளித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு நீலப் பொறி ஓடும். ஒயரிலும் காயிலிலும் கை படவே கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் நிற்க வேண்டாம்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, ஒயர் முனையிலுள்ள ரப்பர் உறைகளைக் கழற்றி உட்புறத்தையும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் வெளிச்சத்தில் பாருங்கள். முடியளவு கருங்கோடு தெரிந்தால், கரண்ட் அங்கே தடம் போட்டுக்கொண்டுவிட்டது என்று பொருள். அது துடைத்தால் போகாது. பழைய உறைக்குள் செருகிய புதுப் பிளக்கிலும் அதே கோடு விழுந்துவிடும். பிளக்கை மட்டும் மாற்றியதில் பலன் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பிளக்கைக் கழற்றும்போது முனையையும் கவனியுங்கள்: மூன்று இளம்பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால், அந்தச் சிலிண்டரில்தான் பொறி விழவில்லை. ஒயர்களை மாற்றுவதானால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் பிறகும் குறை தொடர்ந்தால், காயிலின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஓடும் எஞ்சினில் ஒயரைப் பிடுங்கிப் பொறி பார்க்கும் பழக்கத்தை அருள்கூர்ந்து யாரும் செய்ய வேண்டாம். ஷாக் அடிப்பதோடு, வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் நல்ல காயிலையும் கெடுத்துவிடும். மிஸ்ஸிங்குடன் தொடர்ந்து ஓட்டுவதும் தவறு. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) போய் எரிந்து, அதைப் பாழாக்கும். அதன் விலைக்கு முன் பிளக் ஒயரின் விலை ஒன்றுமே இல்லை.

கேள்வி: எஞ்சின் சூடானதும் கார் தானாக நின்றுவிடுகிறது, சற்று நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. இதுவும் ஒயர் கோளாறுதானா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. ஒயர் கெட்டால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான் விடுபடும்; எஞ்சின் மொத்தமாக நிற்காது. எஞ்சின் சுழல்வதை உணர்ந்து காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். நின்ற அந்த நேரத்திலேயே, ஆறுவதற்குள், ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது முக்கியம். எந்தச் சிலிண்டரிலும் பொறி இல்லாமல், செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளும் அசையாமலிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பொறி நன்றாக இருந்தால், பெட்ரோல் பம்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.